தீப்பெட்டியைத் திறக்கும் முன்

கண்ணு,

செடியில் பிடித்த குதிக்கும் சிலந்தியோடு வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்பார்கள். இது என்ன இனம்? ஆணா, பெண்ணா? வயது எத்தனை? நீயும் அப்படியே கேட்டாய். கேள்விகளில் குற்றமில்லை, வரிசைதான் தலைகீழ். முதலில் அது வளர்ந்து முடிந்ததா என்று தெரிய வேண்டும். வளர்ந்து முடிந்திருந்தால் ஆண், பெண் தெரியும். அது தெரிந்த பிறகுதான் இனத்தின் பெயரைப் பற்றிப் பேச்செடுக்கலாம். தீப்பெட்டியைத் திறந்த மறுகணமே மூன்றையும் சொல்லிவிடுகிறவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி நில்.

நம் ஆயர் தாவாரைச் சுற்றி ரப்பர்ப் பால்மரக்காடாக இருந்த காலத்தில் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சிலந்திதான் காசில்லாத விளையாட்டுச் சாமான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்களிலும் பல இடிந்துவிட்டன. சிலந்தி மட்டும் வேலியோரத்தில் இன்னும் குடியிருக்கிறது. அதன் பின்னால் அலைந்ததில் எனக்குத் தங்கியதை உனக்கு எழுதித் தருகிறேன்.

1. முகத்தைப் பார், முதுகைப் பிறகு பார்க்கலாம். பிள்ளைகளின் கண் முதலில் முதுகுக் கோட்டுக்கும் நிறத்துக்கும்தான் போகும். இந்தக் குடும்பத்தின் அடையாளம் முகத்தில் இருக்கிறது. கண்கள் எட்டு. அவற்றில் நான்கு முன்வரிசையில் நிற்கும். நடுவில் உள்ள இரண்டும் மற்றவற்றைவிட மிகப் பெரியவை. நீ அசைந்தால் உன் பக்கம் திரும்பி உன்னையே பார்க்கும். சால்டிசிடே என்ற இந்தக் குடும்பத்தில் இதுவரை 6,000க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலந்திக் குடும்பங்களில் இதுவே பெரியது. பாய்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. காலெல்லாம் முள்ளாக இருக்கும் புல்வெளிச் சிலந்தி ஒன்றும் நன்றாகவே பாயும். ஆனால் அந்த முகம் அதற்குக் கிடையாது.

2. கிள்ளிப் பிடிக்கிறவன் காலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான். சிலந்தி தப்பிக்க வேண்டுமென்றால் தன் காலையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை மெதுவாகச் செருகு. புதரில் தேடுவதென்றால் வெளிர்நிறக் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளையை இரண்டு தட்டுத் தட்டு. விழுவதில் குடையில் ஓடுவது எது, நின்று உன்னை முறைப்பது எது என்று பார். முறைப்பதுதான் நமக்கு வேண்டியது. செம்பனை வரிசைக்குள் களைக்கொல்லி அடித்த இடங்களுக்குப் போகாதே. பாராகுவாட் மருந்துக்கு 2020 சனவரியிலிருந்து மலேசியாவில் தடை இருக்கிறது. அதனால் மற்ற மருந்துகள் எல்லாம் பால் என்று ஆகிவிடாது. உனக்கும் நல்லதல்ல, சிலந்தியும் அங்கே அதிகம் கிடைக்காது. வேலி, வாய்க்கால் கரை, கோயில் பின்புறம், பழைய லயத்துச் சுவர் இவை போதும்.

3. வயதை நாளில் எண்ணாதே, சட்டையில் எண்ணு. சிலந்தி வளர வேண்டுமானால் தோலை உரித்தாக வேண்டும். முட்டைப்பையிலிருந்து வெளிவந்த குஞ்சு, இளசு, கடைசிச் சட்டைக்கு முந்திய நிலை, முதிர்ந்தது: காட்டில் பிடித்த ஒன்றைப் பற்றி இவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் நேர்மையாகச் சொல்ல முடியும். "மூன்று மாதம் ஆகியிருக்கும்" என்பதெல்லாம் சந்தைப் பேச்சு. எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒரே முட்டைப்பையில் வந்த குஞ்சுகளைத் தனித்தனி குப்பியில் வளர்த்துக் காட்டினார். இரை தாராளமாகக் கிடைத்தது பெரிதாகி நின்றது. அரைவயிற்றில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. பார்ப்பவர்கள் அண்ணன் தம்பி என்பார்கள். இரண்டும் ஒரே நாள் பிள்ளைகள். அளவை வைத்து வயது சொல்வதை அன்றைக்கே வகுப்பு முழுவதும் விட்டுவிட்டது.

முதிர்ந்த பிறகு குதிக்கும் சிலந்தி மறுபடி சட்டை உரிக்காது. அதனால் அதன் உடம்பில் படும் தேய்மானம் அப்படியே நிற்கும். முதுகு மயிர் உதிர்ந்து வழுக்கையாகத் தெரிந்தால், நிறம் மங்கியிருந்தால், அது முதிர்ந்து சில காலம் ஆகிவிட்டது என்று சொல்லலாம். ஒரு கால் மட்டும் மற்றதைவிடச் சின்னதாக, மெலிந்து இருந்தால் இளமையில் அந்தக் காலை இழந்து, பிறகு சட்டை உரிக்கும்போது புதிதாக முளைத்திருக்கிறது. கால் இருந்த இடம் மொட்டையாகவே இருக்கிறது, மற்றபடி அது முதிர்ந்தது என்றால் இழப்பு பெரும்பாலும் பிந்தி நேர்ந்தது, இனி முளைக்காது. இப்படிப் படிக்கத் தெரிந்தவனுக்கு எண் தேவைப்படுவதில்லை.

4. ஆணா பெண்ணா என்பதை வாய்க்கு அருகே தேடு. தாடைக்கு இருபுறமும் குட்டைக் கைகள் போல இரண்டு இருக்கும்; முகக்கை என்று நான் சொல்வேன். பெண்ணுக்கு அது கடைசிவரை ஒல்லியாக, இன்னொரு சின்னக் கால் மாதிரியே இருக்கும். முதிர்ந்த ஆணுக்கு நுனி பருத்து, குத்துச்சண்டைக்காரன் கையுறை மாட்டிய மாதிரி தெரியும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே கருத்த, முறுக்கான உறுப்பு ஒன்று இருக்கும். விந்தைப் பெண்ணிடம் சேர்ப்பது அதுதான். நுனி பருத்திருக்கிறது, ஆனால் வழவழப்பாக, உள்ளே ஒன்றும் தெரியாமல் இருக்கிறது என்றால் அது கடைசிச் சட்டைக்குக் காத்திருக்கும் ஆண். அதற்கும் சிறிய குஞ்சுகளில் எல்லா முகக்கையும் ஒரே மாதிரி ஒல்லிதான். ஒல்லியான முகக்கையைப் பார்த்ததும் "பெண்" என்று எழுதிவிடுவதுதான் நம்மூரில் நான் அடிக்கடி காணும் பிழை. அது பெண்ணாகவும் இருக்கலாம், இன்னும் ஆணாகாத பையனாகவும் இருக்கலாம். பெண் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் வயிற்றின் அடிப்பக்கத்தைப் பார். முன்பகுதியில், குறுக்கே ஓடும் மடிப்புக்குச் சற்று முன்னால், முதிர்ந்த பெண்ணுக்கு ஒரு கெட்டியான கருந்தகடு இருக்கும். தெளிந்த பையில் சிலந்தியை விட்டு, பஞ்சால் மிக மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கினால் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் அது தெரிந்துவிடும். அழுத்தாதே. தெரியாவிட்டால் விட்டுவிடு, நாளைக்கும் அது அங்கேதான் இருக்கும்.

5. பெரிய வயிறெல்லாம் கர்ப்பமல்ல. நேற்று ஒரு கொழுத்த அந்துப்பூச்சியைத் தின்ற ஆணுக்கும் வயிறு உருண்டுதான் இருக்கும். சுருங்கிச் சுருக்கம் விழுந்த வயிறு கிழட்டுத்தனம் அல்ல, பசியோ தாகமோதான். முதலில் நனைத்த பஞ்சை வை. மற்றொன்று: காட்டில் பிடித்த முதிர்ந்த பெண் பெரும்பாலும் ஏற்கெனவே கூடி முடிந்தது. தனியாகவே வைத்திருந்தாலும் ஒரு நாள் முட்டையிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்போது பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிற பிள்ளைக்கு நான் சிலந்தி தருவதில்லை.

6. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் வேறு வேறு உடுப்பில் இருப்பார்கள். இரண்டு பெயர் எழுதிவிடாதே. விளக்கைச் சுற்றும் பூச்சிக்காகச் சுவரில் காத்திருக்கும் பெரிய சிலந்தி ஒன்று உண்டு, பிளெக்சிப்பஸ் பேகுல்லி. 1826இல் பெயர் பெற்றது, இன்று உலகின் வெப்ப நாடுகள் எங்கும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆண் கறுப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, தூரத்திலிருந்தே தெரியும். பெண் மங்கிய பழுப்பு. குஞ்சுகளும் அம்மாவைப் போலத்தான் இருக்கும், மகன்கள் உட்பட. அதே சுவரில் ஹசாரியஸ் ஆடன்சோனியும் இருக்கலாம்: ஆண் கறுத்து, வயிற்றின் முன்விளிம்பில் வெள்ளைப் பிறை ஒன்றோடு, முகக்கையிலும் வெள்ளை மயிரோடு திரியும், பெண் பழுப்பு. தோட்டத்துச் செடிகளில் டெலமோனியா டிமிடியேட்டா கிடைத்தால் வித்தியாசம் இன்னும் கூடுதல். பெண் வெளிர்மஞ்சள், வயிற்றில் நீளவாக்கில் இரண்டு சிவப்புக் கோடு. ஆண் கருமை, அதில் வெள்ளை. பெரியவர்களே இரண்டையும் இரண்டு சாதி என்று சத்தியம் செய்வார்கள். அவர்களோடு வாதாடாதே, இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குப்பியில் வைத்துக் காட்டு, அது போதும்.

7. எறும்பை எண்ணிப் பார். பால்மரத்திலும் மாமரத்திலும் இலை தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பை, மலாய்க்காரர்கள் கெரெங்கா என்று சொல்வதை, உனக்குக் கடி வாங்கியே தெரியும். அந்த வரிசைக்கு அருகே ஓர் எறும்பு மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்தால் காலை எண்ணு. எட்டு இருக்கிறதா? முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டுகிறதா? அது மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டிஸ். 1869இல் இலங்கையிலிருந்து கிடைத்ததை வைத்துப் பெயரிட்டார்கள். எறும்பைத் தொட அஞ்சும் பறவைகளும் பூச்சிகளும் இதையும் விட்டுவிடுகின்றன. வேடத்தின் பயன் அதுதான்.

இங்கே ஆண் பெண் விஷயம் சுவாரசியமானது. பெண் ஒற்றை எறும்பு போல இருக்கும். ஆணுக்கோ கடைசிச் சட்டை உரித்ததும் தாடை முன்னால் நீண்டு வந்துவிடும். அப்போது அது இன்னோர் எறும்பைக் கவ்வித் தூக்கிச் செல்லும் எறும்பாகத் தெரியும். கூட்டாளியைச் சுமந்து போவது செவ்வெறும்புகளின் அன்றாட வழக்கம்தானே! பால் வெட்டப் போகும் என் பாட்டி அதைப் "பிள்ளைச் சுமை எறும்பு" என்பார். படிக்கத் தெரியாத அவர்தான், அந்தச் சுமைக்கும் கண் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கச் சொன்னார். உற்றுப் பார்த்தால் அது சுமையே இல்லை, தாடை. நீண்ட தாடை இல்லாததால் இது பெண் என்று சொல்லவும் முடியாது, வளராத ஆணுக்கும் அது இருக்காது. எங்கே சுற்றினாலும் வளர்ந்து முடிந்ததா என்ற முதல் கேள்வியிலேயே வந்து முட்டுகிறாய், பார்த்தாயா?

8. சண்டைச் சிலந்தியைச் சண்டைக்கு இல்லாமல் தெரிந்துகொள். நீ கேள்விப்பட்டிருப்பாய்: தீப்பெட்டியில் இலைத் துண்டு போட்டு, ஆண் சிலந்தியை அடைத்துவந்து, பலகை மேல் இரண்டை எதிரெதிரே விடுவார்கள். எங்கள் பக்கம் பந்தயம் ரப்பர் கொட்டை. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும், கடைத்தெருச் சீனப் பிள்ளைகளும், கம்பத்து மலாய்ப் பிள்ளைகளும் ஒரே பலகையைச் சுற்றிக் குந்தியிருந்த இடம் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. சிங்கப்பூரிலும் இதே ஆட்டம். அங்குள்ள சிலந்திப் பையன்களைப் பற்றி மிங் சேர் 1995இல் ஒரு நாவலே எழுதினார்.

அந்தச் சிலந்தியின் பெயர் தியானியா பாமோயென்சிஸ். பர்மாவின் பாமோ ஊரை வைத்து 1887இல் தோரெல் என்ற ஆய்வாளர் இட்டது. உடம்பு கறுப்பு, அதில் வெயில் பட்டால் நீலப்பச்சையாக மின்னும் பட்டைகள். ஆணுக்கு முன்னங்கால் இரண்டும் நீண்டு தடித்திருக்கும். எதிரியைக் கண்டால் அவற்றை அகல விரித்து, தாடையைத் திறந்துகொண்டு நெருங்கும். முகத்தோடு முகம் தள்ளும். பெரும்பாலும் சிறியது திரும்பி ஓடிவிடும். காயம் குறைவு. மனிதர்கள் பந்தயம் கட்டாத வரை அவை தமக்குள் அளந்து பார்த்து விலகிப் போகிற சாதிதான்.

அதைக் கண்டுபிடிப்பதில் எங்கள் கூட்டத்தில் சூரன் ஒரு சீனப் பையன். மற்றவர்கள் சிலந்தியைத் தேடுவார்கள். அவன் இலையைத் தேடுவான். ஓர் இலை மேல் இன்னோர் இலை காற்றடித்தும் பிரியாமல் ஒட்டிப் படிந்திருந்தால் அங்கேதான் வீடு. 2002இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இந்தக் கூட்டைப் பற்றி விரிவாக எழுதினார்கள்: இரண்டு இலைகளுக்கு நடுவில் பட்டு நூலால் ஆங்காங்கே ஆணி அடித்தாற்போல் பிணைத்து, இடையில் உள்ள சந்தில் குடியிருக்கிறது. எந்த இலை ஒட்டியிருக்கிறது என்பதை அந்தப் பையன் புத்தகம் இல்லாமலே அறிந்திருந்தான். நீயும் இலையைப் படி. ஒரு கூட்டில் ஒன்றாக இரண்டு இருந்தால் பிரிக்காமல் மூடிவை. பல குதிக்கும் சிலந்திகளில் முதிர்ந்த ஆண், சட்டை உரிக்கப் போகும் பெண்ணின் கூட்டருகே காத்துக் கிடக்கும்.

9. தெரியவில்லை என்று எழுதப் பழகு. இனத்தை உறுதிசெய்யும் சாட்சி பெரும்பாலும் ஆணின் முகக்கை நுனியிலும் பெண்ணின் அடிவயிற்றுத் தகட்டிலும்தான் இருக்கிறது. இரண்டும் முதிர்ந்த பிறகு வருபவை. ஆகவே இளசுக்குப் பேரினம் வரை சொன்னாலே பெரிய காரியம். சில வேளை குடும்பத்தோடு நிறுத்த வேண்டியிருக்கும். ஜோசப் கோ 1989இல் எழுதிய சிங்கப்பூர்ச் சிலந்திகள் கையேடும், ஜான் மர்ஃபி, பிரான்சிஸ் மர்ஃபி எழுதி மலேசிய இயற்கைக் கழகம் 2000இல் வெளியிட்ட தென்கிழக்கு ஆசியச் சிலந்திகள் அறிமுகமும் எங்காவது கிடைத்தால் இரவல் வாங்கிப் பார். ஆனால் படத்தைப் புரட்டிக்கொண்டே போய் "இதேதான்!" என்று நிறுத்துவது படிப்பதாகாது. படத்தில் இருப்பது ஒரு முதிர்ந்த சிலந்தி, அதுவும் ஒரு பாலைச் சேர்ந்தது. உன் கையில் இருப்பது அதன் மகளாக இருக்கலாம். கைப்பேசியில் படம் எடுத்தால் மேலிருந்து ஒன்று போதாது: முகம், முதுகு, பக்கவாட்டு, அடிவயிறு, நான்கும் வேண்டும்.

பெயர் தெரிந்தே தீர வேண்டும் என்று சாராயத்தில் போட்டுக் கொல்ல வேண்டாம். அருங்காட்சியகத்துக்காரர்கள் அப்படிச் செய்வதற்குத் தக்க காரணமும் பொறுப்பும் அவர்களிடம் இருக்கின்றன. உன் ஆவல் அதற்குப் போதுமான காரணம் அல்ல, கண்ணு. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்றால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

10. உன் கண்ணுக்குத் தெரிவதுதான் எல்லாம் என்று நினைக்காதே. காஸ்மோஃபேசிஸ் அம்பிராட்டிகா என்று வெட்சிப் புதர்களில் காணப்படும் ஓர் அழகன் இருக்கிறான். புறஊதா ஒளியில் ஆணின் முகமும் உடம்பும் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. பெண்ணின் முகக்கைகளோ பச்சையாக ஒளிர்கின்றன. அந்த ஒளியை மறைத்துவிட்டால் காதல் சைகைகளே நின்று தடுமாறுகின்றன என்று 2007இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஆண், பெண் அடையாளத்தை அவை தமக்குள் பேசிக்கொள்கின்றன. நாம் சுவருக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்கிறோம்.

11. கூட்டுக்குள் அடைத்துக்கொண்டால் தட்டாதே. இரண்டு மூன்று நாளாக இரை தொடவில்லை, மூலையில் வெள்ளையாகத் தடித்த பட்டு நெய்து உள்ளே அசையாமல் கிடக்கிறது என்றால் பிள்ளைகள் செத்துப்போனதென்று குப்பையில் கொட்டிவிடுவார்கள். லயத்துப் பிள்ளை ஒருத்தி அப்படிக் கொட்டப் போனபோது அவள் அம்மா பிடுங்கி அடுப்படி மாடத்தில் வைத்தார். வாரம் முடிவதற்குள் வெளியே வந்தது வேறொரு சிலந்தி என்று அந்தப் பெண் அழுதாள். முகக்கை பருத்து, நிறம் மாறி, ஆணாக நின்றது. கூட்டுக்குள் கிடக்கும் காலிச் சட்டையை எடுத்து வை. இந்தத் தேதியில் ஒரு சட்டை உரித்தது என்பதற்கு உன்னிடம் உள்ள ஒரே உறுதியான வயதுச் சான்று அது. உரித்த கையோடு இரை போடாதே. தாடை இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும்.

12. எழுதி வை, பிறகு திருப்பி விடு. தேதி, இடம், எந்தச் செடி, எவ்வளவு உயரம், வெயிலா நிழலா, கூட்டிலா சுவரிலா. முதிர்ந்த ஆண் பெண்ணைத் தேடி அலைவதால் வெட்டவெளியில் அதிகம் அகப்படும். பெண் கூட்டோடு இருக்கும். ஆகவே பிடித்த இடமே பாதி விடை சொல்லும். பென்சிலால் எழுது, ஈரம் பட்டால் மை கரையும். பெயருக்கான இடத்தைக் காலியாக விடு. தெரிந்த பிறகு நிரப்பலாம். வனக் காப்பகத்திலிருந்து அனுமதி இல்லாமல் எதையும் எடுத்துவராதே. சித்தியவானில் பிடித்ததை இங்கே விடாதே, இங்கே பிடித்ததை ஈப்போவுக்கு அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விளையாட்டுக் காட்டிவிட்டு அங்கேயே விட்டுவிட்டும் வராதே. காலையில், மழை இல்லாத நேரத்தில், பிடித்த அதே புதரில் விடு. எந்தப் புதர் என்று மறந்துபோனால் குறிப்பைப் பார்.